செம்மண்ணில் இட்ட பொசுபரசு எங்கே போகிறது?

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஹோமாகம, கடுவெல, அவிசாவளைப் பக்கங்களில் தோட்டம் செய்யும் உங்களில் பலர், ரி.எஸ்.பி. எனும் பொசுபரசுப் பசளையைத் தாராளமாக இட்டும் தக்காளிக் கன்றுகள் வளராமல் தேங்கி நிற்கின்றன, இலைகளின் பின்புறம் ஊதா நிறமாகிறது என்று முறையிடுகிறீர்கள். இவை பொசுபரசுக் குறைபாட்டின் அறிகுறிகள். இன்னொரு பை வாங்க வருகிறவர்களுக்கு அதை எடுத்துக் கொடுக்குமுன் விளக்கம் சொல்வது எங்கள் கடமை என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

கபுக் கல் எனும் செம்பூராங்கல் வெட்டியெடுக்கப்படும் நமது மேட்டு நிலங்கள் சிவந்திருப்பதற்கு இரும்பு ஒட்சைட்டே காரணம். காலங்காலமாகப் பெய்த மழை கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிச் சென்றுவிட, எஞ்சிய இரும்பும் அலுமினியமும் அந்த அமில மண்ணில் பொசுபேற்றை, அதாவது பயிர் உறிஞ்சும் வடிவிலுள்ள பொசுபரசை, இறுகப் பற்றிக்கொள்கின்றன. இதனால், இட்ட பொசுபரசில் முதற் போகப் பயிருக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதமே கிடைக்கிறது. சில வாரங்கள் கழித்து மண்ணைக் கிளறினால் சாம்பல் நிறப் பசளை மணி உருக்குலையாமல் கிடப்பதைக் காணலாம். ஆனால் அதிலிருந்த பொசுபரசின் பெரும்பகுதி ஏற்கெனவே கரைந்து வெளியேறி, சில மில்லிமீற்றர் தூரத்துக்குள்ளேயே மண்ணில் கட்டுண்டிருக்கும்.

இந்தப் பிடியைத் தளர்த்துவதில்தான் சேதனப் பொருளின் பயன் இருக்கிறது. கூட்டெரு உக்கும்போது உண்டாகும் சித்திரிக், ஒட்சாலிக் போன்ற அமிலங்களும் கரிய உக்கற் பொருளும், பொசுபேற்று ஒட்டக்கூடிய இடங்களில் தாம் ஒட்டிக்கொள்வதோடு, மண்நீரில் கரைந்துள்ள அலுமினியத்தையும் பிணைத்து வேருக்கு அதன் நஞ்சைக் குறைக்கின்றன. எருவிலேயே அடங்கியுள்ள பொசுபரசை நுண்ணங்கிகள் சிறிது சிறிதாக விடுவிப்பதும் உண்டு.

எனினும் எல்லாச் சேதனப் பொருளும் ஒன்றல்ல. மரத்தூள், உக்காத தும்புத்தூள், பச்சை வைக்கோல் ஆகியவற்றில் ஒரு பங்கு பொசுபரசுக்கு 300 பங்குக்கு மேல் காபன் இருக்கும். அவற்றை உக்கச் செய்யும் நுண்ணங்கிகள் தமக்குப் போதாத பொசுபரசை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், பயிர் சில காலம் மேலும் வாடும். கிளிரிசிடியா இலையில் நைதரசன் தாராளம், பொசுபரசு குறைவு. உக்கிய கோழி எரு இவ்வகையில் மிகவும் மேலானது. காட்டுச் சூரியகாந்தித் தழையும் நல்லது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்ட காலம் தொட்டு, கூட்டெரு மட்டுமே போதுமா என்ற கேள்வி எங்களிடம் ஓயாமல் வருகிறது. பொசுபரசு வற்றிப்போன நிலத்துக்கு அது தனியே போதாது என்பதே எங்கள் கருத்து. கூட்டெரு, இடுகிற ரி.எஸ்.பி.யைப் பயிருக்கு உதவச் செய்யும். ஆகவே இரண்டையும் கலந்து, மேலே தூவாமல், நடுகைக் குழியில் வேர் எட்டும் ஆழத்தில் இடுங்கள். எப்பாவலையில் தோண்டியெடுத்துத் தூளாக்கப்படும் பாறைப் பொசுபேற்று அமில மண்ணிலும் மெதுவாகவே கரைவதால் தேயிலை, இறப்பர், தென்னைக்குப் பொருந்தும். குறுகிய கால மரக்கறிக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்து உறவினருக்கு வாங்கி அனுப்புவோர் கவனிக்க: அங்குள்ள சுண்ணாம்பு மண்ணில் பொசுபரசைப் பிடித்து வைப்பது கல்சியம், அப்பாறைத் தூள் அங்கே கரைவது மிகவும் அரிது.

மண் பரிசோதனை அறிக்கை இருந்தால் கடைக்கு வரும்போது எடுத்து வாருங்கள். பொசுபரசு போதிய அளவில் இருப்பதாக அது காட்டினால், இப்போகத்துக்கு ரி.எஸ்.பி. வாங்க வேண்டாம் என்றே சொல்வோம்.

இங்ஙனம்,
உங்கள் பசளைக் கடையினர்,
கொழும்பு