பேனை வாங்கியதற்குக் காரணம் தேடாதே

அன்புள்ள மருமகளுக்கு,

நிலுவைச் சம்பளம் கைக்கு வந்ததும் நீ ஓர் ஊற்றுப்பேனை வாங்கியதாகவும், அடுத்ததற்கு இப்போதே கண் வைத்திருப்பதாகவும் அக்கா தொலைபேசியில் சொன்னார். முறைப்பாடு பாதி, பெருமை பாதி. "எழுத்துத் திருந்துமாம், கணக்குப் பார்த்தால் மலிவுமாம்" என்று நீ கொடுத்த விளக்கத்தையும் அப்படியே ஒப்புவித்தார். எனக்குப் பேனையில் குறையில்லை, அந்த விளக்கத்தில்தான் குறை. திருக்கோவில் ஊரில் நீ சொன்னதையே வேறு ஊர்களிலும் பலர் தங்கள் வீடுகளில் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பதால், உனக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

எழுத்துத் திருந்தாது, பிள்ளை. மட்டக்களப்புக் கோட்டைக்குள் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இருந்த காலத்தில் என்னோடு வேலை செய்த ஒருவர் தங்க நிப்பில்தான் எழுதுவார். அவர் கோப்பில் எழுதிய குறிப்பை வாசிக்க அவரையே கூப்பிட வேண்டியிருந்தது. மலிவு என்பதும் சரிவராது. ஒரு பேனையும் ஒரு மைப்போத்தலும் வாங்கி அத்தோடு நிறுத்திக்கொள்பவருக்கு மலிவுதான். அப்படி நிறுத்தியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. "பிற்காலத்தில் விலை ஏறும்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சிலர் சொல்வார்கள். விலை ஏறும் பேனைகள் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. உன்னுடையதோ சிவப்பு மை குடித்து வகுப்புக் கொப்பிகளைத் திருத்தப் போகிறது.

வாங்குவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. எழுதுவதில் உள்ள சந்தோஷம் வேறு, இது வேறு. தேடுவது, விலை கேட்பது, தபாலகத்தில் பொதி வந்துவிட்டதா என்று விசாரிப்பது, பெட்டியைத் திறப்பது, மூடியைக் கழற்றி நிப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது என்று அது தனியே ஒரு வழியில் போகிறது. கல்முனையில் சேலைக் கடைக்குப் போய் வருகிறவரிடம் "இருக்கிற சேலை உடுக்கப் போதாதா" என்று யாரும் வழக்காடுவதில்லை. பேனைக்கு மட்டும் ஏன் பிரயோசனம் சொல்லிப் பிழைக்க வேண்டும்? கையில் காசு இருந்தது, பிடித்திருந்தது, வாங்கினேன் என்று சொல். கடன்பட்டு வாங்காதவரை அது போதிய பதில்.

நீ வாங்கியது பைலட் ககுனோ என்று அறிந்தேன். நல்ல தெரிவு. 2013இல் பைலட் நிறுவனம் எழுதப் பழகும் பிள்ளைகளை மனதில் வைத்து வெளியிட்டது அது. நிப்பின் மேல் சிரித்த முகம் ஒன்று பொறித்திருக்கும். அந்த முகம் உன்னைப் பார்த்துச் சிரித்தால் பேனையைச் சரியாகப் பிடித்திருக்கிறாய். விலை குறைந்த பேனைகளுக்கு இப்படி ஒரு விளையாட்டுக் குணம் இருப்பது எனக்குப் பிடிக்கும். விலை கூடக்கூட அவை சிரிப்பதை நிறுத்திவிடுகின்றன.

புதுப்பேனையின் சுகம் அது யாருடைய கைக்கும் இன்னும் பழகாதது என்பதில் இருக்கிறது. ஆனால் புதிது என்பதாலேயே அது நன்றாக எழுதும் என்று நம்பிவிடாதே. கடைக்காரர்கள் பேனையைப் பரீட்சிக்கச் சொன்னால் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள், அல்லது வட்டம் வட்டமாகக் கிறுக்குகிறார்கள். கையெழுத்து வேகத்தில் எந்த நிப்பும் ஓடும். நீ புள்ளி வைத்துப் பார். க், ங், ச், ஞ், ட், ண் என்று ஒரு வரி முழுக்க மெய்யெழுத்து எழுது. புள்ளிக்கு நிப்பைத் தாளில் தொட்டு எடுப்பதற்கு மேல் நேரம் கிடையாது. அந்தத் தொடுகையிலேயே மை இறங்க வேண்டும். நுனி அளவுக்கு மிஞ்சி உருட்டி மெருகிடப்பட்ட நிப், நடுவில் உள்ள பிளவின் வாயில் இருக்கும் மை தாளைத் தொடாமல் வெறும் தடத்தை மட்டும் பதிக்கும். பத்துப் புள்ளியில் மூன்று வெளுத்திருந்தால் வேறு பேனை கேள். அடுத்து ஊ, ஞ, ண, ணை. தடித்த நிப்பில் சிறிதாக எழுதினால் ஞகரத்தின் வயிறு அடைத்துவிடும். யப்பானிய நிறுவனங்களின் 'ஃபைன்' நிப் ஐரோப்பிய 'ஃபைன்' நிப்பைவிடப் பொதுவாக மெல்லியது. நம் எழுத்தின் சுழிகளுக்கு அது தோது. பெரிதாக எழுதுகிறவர்களுக்கு ஐரோப்பிய நிப்பும் பொருந்தும். லாமி சஃபாரி 1980இலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வந்ததுதான், விரல் வைக்குமிடம் முக்கோணமாக இருக்கும். எனக்கு அந்த முக்கோணம் உறுத்தும். உன் விரலுக்கு எப்படியோ.

தங்க நிப் வேண்டும் என்று இப்போதே ஆசைப்படாதே. தாளைத் தொடுவது தங்கம் அல்ல. தங்க நிப்பானாலும் உருக்கு நிப்பானாலும் நுனியில் கடினமான கலப்புலோக மணி ஒன்றை ஒட்டியிருப்பார்கள், எழுதுவது அதுதான். ஒரு காலத்தில் தங்கத்துக்குத் தேவை இருந்தது. அந்தக் கால நீலக்கறுப்பு மை துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்தது. நம் ஊரில் கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் கறுப்பதும் அதே வித்தைதான். அந்த மையில் அமிலமும் உண்டு. சாதாரண உருக்கை அரித்துவிடும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. இன்று துருப்பிடிக்காத உருக்கு வந்துவிட்டது. நிப்பில் 585 என்று பொறித்திருந்தால் அது 14 கரட். அழகு, கொஞ்சம் மென்மை, நிறைய விலை.

இனிப் பழைய பேனைகள். இங்கே நான் சுருக்கமாக நிறுத்த மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

முதலில் தேட வேண்டியது பார்க்கர் 51. பார்க்கர் நிறுவனம் 1888இல் தொடங்கியது. 51ஆவது ஆண்டில் உருவான பேனை என்பதால் அந்த எண் பெயராகி நின்றது, கடைக்கு வந்தது 1941இல். நிப்பை முழுக்கப் போர்த்தி நுனியை மட்டும் வெளியே காட்டும் அதன் தோற்றம் உனக்குப் புதிதல்ல. நம் ஊர் ஆசிரியர்களின் சட்டைப் பையில் இருந்த சீனத்து ஹீரோ பேனைகள் அதைப் பார்த்துச் செய்தவைதான். போர்வை அலங்காரத்துக்கு வந்ததல்ல, வேகமாய் உலரும் மை நிப்பிலேயே உலர்ந்துவிடாமல் இருக்க வந்தது. 1948க்குப் பின் வந்த வகையைத் தேடு. உடலைத் திருகிக் கழற்றினால் உலோக உறைக்குள் ஒரு மைப்பை இருக்கும். நிரப்பும் முறையை உறையின் மேலேயே பொறித்திருப்பார்கள். அந்த மைப்பை இறப்பர் அல்ல, ஒருவகைப் பிளாஸ்டிக். அதனால்தான் அந்தப் பேனைகள் பெரும்பாலும் இன்றும் தண்ணீரில் அமுக்கிவிட்டால் உறிஞ்சுகின்றன.

என்னிடம் உள்ள 51 கல்முனையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம், துருப்பிடித்த கத்தரிக்கோல்களுக்கு நடுவில் கிடந்தது. மூடியில் யாரோ ஒருவருடைய முன்னெழுத்துகள், கீழே 'பிரியாவிடை' என்று தமிழில். இடமாற்றத்துக்கோ ஓய்வுக்கோ கொடுத்த பேனையாக இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து நுனி மட்டும் முழுகும்படி கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் விட்டு நிறுத்தினேன். சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நுனியிலிருந்து நூல் போல ஒரு நீலம் நேரே அடிக்கு இறங்கி, அங்கே சுருண்டு படுத்தது. தண்ணீரை மாற்ற மாற்ற நீலம் வந்துகொண்டே இருந்தது. எல்லாம் கழுவுப்பட்டது என்று நினைத்தபோது மெல்லிய சிவப்பு ஒன்று இறங்கியது. எந்தப் பாடசாலையோ, எந்தக் கொப்பிகளோ! புதுப்பேனை எதுவும் இந்த விருந்தை வைக்காது. அன்று அந்தப் பேனையால் நான் ஓர் எழுத்தும் எழுதவில்லை. எழுதாமலே விலைக்கு மேல் கிடைத்துவிட்டது.

நெம்பு வைத்த பேனைகள் இன்னொரு சாதி. பக்கத்தில் இருக்கும் சிறு உலோகத் துண்டை விரலால் கிளப்பினால் உள்ளே தகடு ஒன்று இறப்பர் மைப்பையை அமுக்கும். இலண்டனில் செய்த கொன்வே ஸ்டுவர்ட், சுவான் எல்லாம் பழைய நொத்தாரிசுமார், தலைமையாசிரியர்கள் வீட்டு மேசை லாச்சிகளில் கிடைக்கலாம். நம் வெக்கையில் அந்த இறப்பர் கல்லாய் இறுகியிருக்கும், அல்லது பிசினாய் உருகியிருக்கும். நெம்பு அசையவில்லை என்றால் பலம் போடாதே, உடையும். மைப்பை மாற்றக்கூடியது, உடைந்த உடல் உடைந்ததுதான். கழுவ முன்னர் அது எதனால் செய்தது என்று பார். எபனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பர். விரலால் தேய்த்தால் கந்தகம் மணக்கும். வெயிலும் ஈரமும் பட்டால் கறுப்புப் போய்த் தவிட்டு நிறமாகிவிடும். கேசீன் என்றால் பாலின் புரதம். தண்ணீரில் ஊற வைத்தால் உப்பிப் போகும். (1876இல் கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நட்ட முதல் இறப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய தோட்டங்கள் எத்தனை பேனைகளுக்குப் பால் கொடுத்தனவோ என்று நான் சும்மா யோசிப்பதுண்டு.)

பச்சை நிற ஷீஃபர் ஸ்நோர்க்கல் ஒன்றும் வைத்திருக்கிறேன். 1952இல் வந்த வகை. அடிப்பக்கத்தைத் திருகினால் நிப்பின் கீழிருந்து மெல்லிய குழாய் ஒன்று நீண்டு வெளியே வரும். அதை மட்டும் மையில் வைத்தால் போதும், நிப் நனையாது, துடைக்கும் வேலையும் இல்லை. ஒரு பேனை எவ்வளவுக்கு வீண் புத்திசாலித்தனம் காட்டலாம் என்பதற்கு அதற்கு மேல் போனது கிடையாது. அதன் உள் இறப்பர்கள் செத்துவிட்டன, எழுதாது. அது தெரிந்தேதான் வாங்கினேன். குழாய் வெளியே வருவதைப் பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு நான் உன் மாமியிடம் எந்த விளக்கமும் கொடுக்கவில்லை என்பதைக் கவனி. "எழுதுமா?" என்று கேட்டார். "எழுதாது" என்றேன். முடிந்தது கதை.

ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. பழைய பேனைகள் பல வேளைகளில் இறந்தவர்களின் பேனைகள். வீட்டை ஒதுக்கும்போது ஒரு கிழவி "இந்தக் குப்பையையும் கொண்டு போ மகள்" என்று நீட்டினால், மூடியில் இருப்பது தங்கப் பூச்சா, நிப் 14 கரட்டா என்று உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல், அதன் பிறகு விலை பேசு. அவர் கொடுக்க மாட்டேன் என்று மனம் மாறினால் பேசாமல் எழுந்து வா. வெளிநாட்டில் விற்க இங்கே வீடு வீடாய்ப் பேனை பொறுக்குகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காலநிலையையும் பார்த்து நடந்துகொள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மூடி சரியாகப் பொருந்தாத பேனையில் மை ஒரு வாரத்தில் கட்டிவிடும். இதற்காகவே பிளாட்டினம் நிறுவனம் 2011இல் மூடிக்குள் சுருள்வில் வைத்து இறுக அடைக்கும் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. அவர்களின் மலிவான பிரெப்பியிலும் அது இருக்கிறது, உன் அடுத்த பேனை அதுவாக இருக்கலாம். மாரியில் பேனை அல்ல, கொப்பிதான் பிரச்சினை. ஈரம் குடித்த தாளில் மை வேர்விட்டுப் படரும். தாளைக் குறை சொல்லு, பேனையைத் திட்டாதே. மை குறைந்த பேனையை நிப் கீழே இருக்கும்படி பையில் போட்டு அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறாதே. சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். நிறைய நிரப்பு, அல்லது வெறுமையாய்க் கொண்டு போ. சித்திரக்காரர்கள் பாவிக்கும் இந்தியன் மையை எந்த ஊற்றுப்பேனைக்குள்ளும் விடாதே. அதில் அரக்கு உண்டு, காய்ந்தால் கல்.

வாணி விழாவுக்கு முன் ஒரு சனிக்கிழமை மட்டக்களப்புக்கு வா. ககுனோவைக் கழுவி வெறுமையாக்கிக் கொண்டு வா, புள்ளி வைத்துப் பார்க்க உன் பாடசாலைக் கொப்பித் தாளிலும் நாலைந்து கொண்டு வா. என்னிடம் இரண்டு ஹீரோ மிச்சம் இருக்கிறது. நன்றாகப் புள்ளி வைப்பதை நீ எடுத்துக்கொள், மற்றதை உன் தம்பிக்குக் கொடு.

அன்புடன்,
மாமா
கல்லடி