பலா மூணு இல்லை, நாலு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தந்தையர் தினத்தை ஒட்டி, வாசகர்கள் தங்கள் அப்பாவுக்கு எழுதிய வாழ்த்துகளை ஒரு பக்கம் முழுக்க வெளியிட்டிருந்தீர்கள். ஒன்று விடாமல் படித்தேன். 'நடமாடும் தெய்வம்', 'தியாகச் சுடர்', 'என் முதல் ஹீரோ' என்று வரிசையாக இருந்தன. படத்தை மாற்றி ஒட்டினால் யாருடைய அப்பாவுக்கும் பொருந்திவிடும். எழுதியவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் பல வருடம் அப்படித்தான் அனுப்பினேன்.

என் அப்பா பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். ஒன்றரை ஏக்கர் முந்திரிக் கொல்லை. ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் தினமும் படிப்பார். நான் வேலைக்கு வந்த புதிதில், கடலூரில் ஒரு கடையில் பளபளப்பான ஆங்கில அட்டை வாங்கி, கீழே என் பெயரை மட்டும் எழுதி அனுப்பினேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது, "பக்கத்து வீட்டுப் பையனைப் படிக்கச் சொன்னேன் பாப்பா. நல்லா இருக்கணும்னு போட்டிருக்காம்" என்றார். அட்டை காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தது. தன் மகள் எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டிய நிலையில் அவரை வைத்துவிட்டேனே என்று பஸ்ஸில் வரும்போது அழுகையே வந்துவிட்டது.

இந்த வருடம் புதுச்சேரி போயிருந்தபோது ஆசிரமத்துக் கைக்காகித அட்டை ஒன்று வாங்கினேன். 1959 முதல் அங்கே துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்கிறார்கள். உள்ளே ஒரு எழுத்தும் அச்சடிக்காத வெற்று அட்டை. மைப் பேனாவால் ஓரத்தில் கோடு போட்டுப் பார்த்தேன், கசிந்தது. பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை.

முதலில் 'மதிப்பிற்குரிய அப்பா, தாங்கள்' என்று தனித்தாளில் எழுதினேன். வேறு யாருக்கோ எழுதுவது போல இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை 'நீ' என்றுதான் சொல்லுவோம். அதையே எழுதினேன். அப்புறம் கை தானாக ஓடியது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்தில் அன்று முந்திரியும் பலாவும் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முந்திரி பூ வைக்கும் நேரம் அது. நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். விடுமுறைக்கு வீட்டில் இருந்தேன். அப்பா கொல்லைக்குப் போய், விழுந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லார் கொல்லையிலும் மரம் கிடந்ததால் விறகுக்கு விலையே இல்லை. கிடைத்த விலைக்கு விற்றார். பிப்ரவரியில் எனக்குப் பரீட்சைப் பணம் சரியாக வந்து சேர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவும் இல்லை. அது விறகு விற்ற காசு என்று நான்கு வருடம் கழித்துத்தான் அம்மா சொன்னார்.

அட்டையில் நான் எழுதியது இவ்வளவுதான்: "அப்பா, புயலுக்கு மறுநாள் நீ மரங்களை எண்ணியதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். முந்திரி எண்பது, பலா மூணு. அந்த விறகுக் காசில்தான் நான் பரீட்சை எழுதினேன் என்று எனக்குத் தெரியும். அதே வருடம் மழைக்கு நீ ஒட்டுக்கன்று வைத்தாய். எனக்கு எப்போது மனசு விட்டுப் போனாலும் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்." எழுத்தைப் பெரிதாக எழுதி, மஞ்சக்குப்பம் தபால் நிலையத்தில் சேர்த்தேன்.

மூன்றாம் நாள் இரவு போன் வந்தது. எப்போதும் "சாப்பிட்டியா? சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதோடு முடிக்கிறவர், எடுத்ததுமே "பலா மூணு இல்ல பாப்பா, நாலு" என்றார். கிணற்றோரம் இருந்த நாலாவது மரம் அவருடைய அப்பா வைத்ததாம். அதை விறகுக்குக் கொடுக்க மனசு வராமல் ஆறு மாதம் அப்படியே போட்டு வைத்திருந்தாராம். இருபது நிமிடம் பேசினார். என் நினைவு தெரிந்து என்னோடு அவர் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

தந்தையர் தினமே நம் ஊர் வழக்கமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். 1910-ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண் தொடங்கி வைத்தது அது. மனைவி இறந்த பிறகு ஆறு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவர் அவருடைய அப்பா. அங்கேயும் ஒரு மகள் தன் அப்பா செய்த காரியத்தை நினைத்துத்தானே ஆரம்பித்தாள்?

எல்லா அப்பாவும் ஒரே மாதிரி இல்லை, அதுவும் தெரியும். குடித்துவிட்டு அடித்த அப்பாவைப் பற்றி என் தோழி ஒருத்தி என்னிடம் நிறையச் சொல்லியிருக்கிறாள். அவரைத் தெய்வம் என்று எழுத அவளால் முடியாது, எழுதவும் வேண்டாம். "கெடிலம் பாலத்தில் எனக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்தது நீங்கள்தான்" என்று ஒரே வரி எழுதினாள். அது உண்மை என்பதால் அவள் கை நடுங்கவில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூனில் வாழ்த்து கேட்கும்போது, 'உங்கள் அப்பா செய்த ஒரு காரியத்தை, நடந்த இடத்தைச் சொல்லி எழுதுங்கள்' என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தின் எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக அச்சிடுங்கள். என் அப்பா உங்கள் பேப்பரை டீக்கடையில்தான் படிக்கிறார். கண்ணாடியைப் பெரும்பாலும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்-1