‘எனக்கு ஒண்ணும் தோணலை’ என்று சொல்லும் பிள்ளைகளுக்காக

தென்மாவட்டத் திருச்சபைகளின் ஆயர்களுக்கும், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும், வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களுக்கும், ஸ்தோத்திரம்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பல வருஷமாக மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறவள். ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் இந்த மடல். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று உங்களிடம் வந்து, எனக்கு ஜெபமே வரமாட்டேன் என்கிறது, ஆண்டவர் எங்கேயோ தூரத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னால், தயவுசெய்து அதற்குப் பின்மாற்றம், அதாவது விசுவாசத்தைவிட்டு விலகிப்போவது, என்று பெயர் வைத்துவிடாதீர்கள். என்ன பாவம் செய்தாய் என்று தோண்டாதீர்கள். அந்தப் பிள்ளை சொல்ல வந்ததை முழுசாகக் கேளுங்கள், அப்புறம் பேசுங்கள்.

நம் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வரை எப்படி வளர்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, அபிநயப் பாட்டு, மனப்பாட வசனப் போட்டி, கிறிஸ்துமஸ் நாடகம் என்று ஒரே கொண்டாட்டம். அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பு, டியூஷன், ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ். கேள்விகள் முளைக்கிற அதே வயதில்தான், தன் விசுவாசத்தைத் தானே சபை முன்னால் அறிக்கையிடுகிற திடப்படுத்தலும் வருகிறது. வெள்ளை உடுப்பு, பேராயர் தலைமேல் கை வைக்கிறார், போட்டோ, வீட்டில் பிரியாணி, சொந்தக்காரர் கூட்டம். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை, நடக்கவேண்டியது நடந்திருக்கும் என்று நாமே எடுத்துக்கொள்கிறோம். சிலருக்கு நடக்கிறது, அதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தோன்றாத பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

வாலிபர் முகாம்களில் இது இன்னும் கூடுகிறது. கடைசி ராத்திரி விளக்கைக் குறைத்து, கீபோர்டு மெதுவாக வாசிக்க, ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று அழைக்கிறோம். அப்படி ஒரு முகாம் முடிந்து வந்த பிளஸ் ஒன் பிள்ளை என்னிடம் சொன்னாள்: "அக்கா, எல்லாரும் கண்ணை மூடி அழுதாங்க. நான் மட்டும் மேல ஃபேன் சுத்துறதப் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்புறம் எல்லாரும் போறாங்களேன்னு நானும் முன்னாடி போயிட்டேன். பொய் சொல்லிட்டேனோன்னு இருக்கு." இவளுக்குள் விசுவாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆண்டவர் முன்னால் பொய்யாக நிற்கக்கூடாது என்று அவ்வளவு கவலைப்படுகிற பிள்ளை அவள். முகாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அங்கே வாழ்க்கையே மாறியவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கண்ணீர் வந்ததா இல்லையா என்பதை வைத்துப் பிள்ளைகளின் பக்தியை அளக்கிற பழக்கத்தை விடவேண்டும். அளந்து பார்த்துத் தன்னிடம் குறைகிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளை ஒன்று நடிக்கும், இல்லையென்றால் வராமல் போகும்.

இன்னொன்று. சங்கீதம் 23, 91, 121 இவற்றையெல்லாம் மனப்பாடம் பண்ண வைக்கிறோம், நல்லதுதான். 13ஆம் சங்கீதத்தை எந்தப் போட்டியிலாவது வைத்திருக்கிறோமா? ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை ‘எதுவரைக்கும்’ என்று தாவீது கேட்டுவிடுகிறார். ‘எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்’ என்பதைவிட நேராக ஒரு பிள்ளையால் கேட்க முடியுமா? 88ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே, கடைசி வசனம் வரைக்கும் ஆறுதலே இல்லாமல் முடிகிறது, அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். 150 சங்கீதங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்தான். சிலுவையில் நம் ஆண்டவர் வாயில் வந்ததும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரிதானே? எங்கள் வகுப்பில் 13ஐ வாசித்தபோது, எப்போதும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாத பையன் ஒருவன் தன் பைபிளை இழுத்து, பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பைபிள்லயும் இருக்கா டீச்சர்?" என்று கேட்டான். பிறந்ததிலிருந்து கோவிலுக்கு வருகிற பையன்.

எலியா தீர்க்கதரிசியின் கதையையும் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைச் சொல்லிக்கொடுக்கிற நாம், அடுத்த அதிகாரத்தில் அதே மனுஷன் சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னதை அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். அங்கே தூதன் வந்து என்ன செய்தான்? கண்டிக்கவில்லை, புத்தி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். தூதன் மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ‘நீ இங்கே என்ன செய்கிறாய்’ என்ற கேள்வி ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வருகிறது.

அதனால் பிள்ளைகளிடம் முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பொதுத்தேர்வு வருஷத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஐந்து மணி டியூஷனுக்கு ஓடுகிற பிள்ளைக்கு, ஜெபத்தில் மனசு நிற்கவில்லை என்றால் அது என்ன அதிசயம்? அதனிடம் போய் நாலு மணிக்கு எழுந்து ஜெபி என்று சொல்லி அனுப்புகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

சில பிள்ளைகளுக்கு இது ஜெபத்தில் வருகிற வறட்சி மட்டும் இல்லை, மனச்சோர்வு நோய். ஆண்டவர்மேல் மட்டுமல்லாமல் சாப்பாடு, சிநேகிதர், கிரிக்கெட், பாட்டு என்று எதன்மேலும் ஆசை இல்லாமல் இரண்டு வாரத்துக்குமேல் கிடந்தால், அல்லது செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தால், ஜெபியுங்கள், கூடவே அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக ஏற்பாடு பண்ணுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098ம் இருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட ஐந்து நிமிஷம்கூட ஆகாது. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று மட்டும் பிரசங்க பீடத்திலிருந்து சொல்லிவிடாதீர்கள், அதைக் கேட்டு மருந்தை நிறுத்துகிற பிள்ளைக்கு யார் பொறுப்பு?

அப்புறம், எனக்கு வருத்தமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பையன் தன் சந்தேகங்களை ஒரு தலைவரிடம் தனியாகச் சொன்னான். அடுத்த வீட்டுக்கூட்டத்தில், அவன் அம்மாவும் உட்கார்ந்திருக்க, அவன் பேரைச் சொல்லி அவனுக்காகச் சத்தமாக ஜெபித்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். அதற்குப் பிறகு அவன் வாலிபர் கூட்டத்துக்கு வரவே இல்லை. பிள்ளை நம்பிச் சொன்னதை ஜெபக் குறிப்பாக்கி ஊருக்குப் பரப்பாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பெற்றோரிடம் சொல்லியாகவேண்டும், அப்போதும் அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

தோமாவை நினைத்துப் பாருங்கள். பரங்கிமலையில் நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற அதே தோமாதான். ஆண்டவர் உயிர்த்தெழுந்ததை நான் விசுவாசிக்கமாட்டேன் என்று மற்றச் சீஷர்களின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எட்டு நாள் கழித்து ஆண்டவர் வந்தபோது தோமா எங்கே இருந்தார்? அந்த வீட்டுக்குள்ளேயே, அவர்களோடேயே. அந்த எட்டு நாளும் யாரும் அவரை வெளியே போகச் சொன்னதாக வேதத்தில் இல்லை. சந்தேகம் சொன்ன பிள்ளையைப் பாடகர் குழுவிலிருந்து எடுக்காதீர்கள், முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்லவும் வற்புறுத்தாதீர்கள். ஒன்றும் தோன்றாத காலத்திலும் கை வேலை செய்யும். பிபிடி போடட்டும், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் எடுத்துக்கொடுக்கட்டும், அசனத்துக்கு (கோவில் விருந்துக்கு) ராத்திரி உட்கார்ந்து பெரியவர்களோடு காய் வெட்டட்டும். அந்த மாதிரி இடத்தில்தான் பிள்ளைகள் மனசைத் திறந்து பேசுகிறார்கள், கவுன்சலிங் ரூமில் எதிர் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் வாய் வராது.

பெரியவர்களும் கொஞ்சம் பேசவேண்டும். நம் சாட்சி எல்லாம் கஷ்டம் வந்தது, ஜெபித்தேன், உடனே பதில் வந்தது என்றே முடிகிறது. அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, அவர் பல பத்து வருஷம் உள்ளுக்குள் இருளோடேயே ஊழியம் செய்தவர் என்று உலகத்துக்குத் தெரிந்தது. இதை நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். நம் சபையிலேயே, புருஷனையோ பிள்ளையையோ இழந்து, வருஷக்கணக்கில் வெறும் வாயால் மட்டும் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிவந்த அம்மாமார் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லிப் பிள்ளைகள் கேட்கட்டும், இன்னும் பதில் கிடைக்காததையும் சேர்த்தே சொல்லட்டும்.

இந்த வருஷத் திடப்படுத்தல் வகுப்புக்குப் பாடத்திட்டம் போடும்போது, ஆயர் ஐயாமார் 13ஆம் சங்கீதத்துக்கும் 88ஆம் சங்கீதத்துக்கும் ஒரு முழு வாரம் ஒதுக்கித்தாருங்கள், அந்த வாரம் பரீட்சையும் வேண்டாம், மனப்பாடமும் வேண்டாம். வகுப்பு எடுக்க ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், எங்கள் சபை ஆசிரியர்கள் சிலர் சனிக்கிழமைகளில் வரத் தயாராக இருக்கிறோம்.

கிறிஸ்துவுக்குள்,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை