தலைவரை நீக்க மனு எழுதப் போகும் வார்டு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர்களாக இருந்தவர்களுக்கும், இனி அந்த நாற்காலிகளுக்கு வரப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

2019 டிசம்பர் தேர்தலில் தேர்வான மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அந்தக் காலத்துச் சண்டை சச்சரவுகள் ஆறிய பிறகு எழுதுவதுதான் நல்லது. இல்லாவிட்டால் இது இன்னாரைப் பற்றித்தான் என்று ஊருக்கு ஊர் கை நீட்டுவார்கள். விஷயம் இதுதான்: அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் ஊராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் போகிற பலர் வழுக்கி விழுகிறார்கள். கலெக்டர் ஆபீசுக்குப் போவதற்கு வெகு முன்னால், ஊராட்சி அலுவலகத்துத் தீர்மானப் புத்தகத்திலேயே விழுந்துவிடுகிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "மெம்பருக எல்லாம் ஒண்ணு சேந்தாச்சு, தலைவர் காலி" என்று டீக்கடையில் பேசுவது நம்பிக்கை வாக்கெடுப்பின் கணக்கு. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. யாரும் எந்தக் குற்றத்தையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. பிரதமரைத் தாங்கிப் பிடிப்பதும் சபை, கைவிடுவதும் சபை. கிராம ஊராட்சித் தலைவர் கதை வேறு. அவருக்கு ஓட்டுப் போட்டது ஊர். உங்கள் தலையெண்ணிக்கையை மட்டும் வைத்து அவரை அசைக்க முடியாது. குடியரசுத் தலைவரை நீக்க அரசியலமைப்பின் 61ஆவது பிரிவு எப்படியோ, அமெரிக்க அதிபரை நீக்க இம்பீச்மென்ட் எப்படியோ, ஏறக்குறைய அப்படித்தான் நம் தலைவர்களுக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 205ஆவது பிரிவு. குற்றச்சாட்டு வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், அதன் பிறகுதான் முடிவு. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கெல்லாம் கடைசி வார்த்தை சபையினுடையது. இங்கே அது ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பில் இருக்கும் கலெக்டருடையது. (ஊர் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவரை ஓர் அதிகாரி நீக்கலாமா என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். சட்டம் மாறும்வரை இருக்கிற சட்டத்தில்தான் நடக்க வேண்டும்.)

சட்டம் எதிர்பார்ப்பது இதுதான்: சட்டத்தையோ விதியையோ முறையான உத்தரவையோ தலைவர் வேண்டுமென்றே நிறைவேற்றாமல் விட்டிருக்க வேண்டும், அல்லது மறுத்து மீறியிருக்க வேண்டும், அல்லது தனக்குள்ள அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்திருக்க வேண்டும். தவறு நடந்தது என்று காட்டுவது சுலபம், தெரிந்தே செய்தார் என்று காட்டுவதுதான் கஷ்டம். பஞ்சாபின் ராஜ்புரா நகராட்சித் தலைவராக இருந்த தர்லோசன் தேவ் சர்மாவின் வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. எப்போதோ ஒரு தடவை நேர்ந்த பிசகு துஷ்பிரயோகம் ஆகாது. திரும்பத் திரும்ப நடந்திருக்க வேண்டும், கெட்ட எண்ணமும் தெரிய வேண்டும். மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ரவி யஷ்வந்த் போயிர் வழக்கில் 2012இலும் அதே கண்டிப்பு: மக்கள் தேர்ந்தெடுத்தவரைப் போகிற போக்கில் நீக்க முடியாது, நடைமுறையில் ஒரு படியையும் தாண்டக் கூடாது.

இதன் நடைமுறை அர்த்தம் என்ன? ஒரு தவறைக் கண்டவுடன் மனு எழுதாதீர்கள். தலைவருக்குப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஒரு கடிதம் போடுங்கள்: "இன்ன தேதிச் செலவுக்கு மன்றத் தீர்மானம் இல்லை, அடுத்த கூட்டத்தில் கணக்கை வையுங்கள்." வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. வைக்காமல் அடுத்த மாதமும் அதையே செய்தால், தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வாசலை அவரே அடைத்துக்கொள்கிறார். மூன்று சம்பவம், மூன்று கடிதம், மூன்று ஒப்புகை. முப்பது பக்க வசவை விட இது கனமானது.

வசவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். "ஊராட்சிப் பணத்தைச் சூறையாடினார், சர்வாதிகாரி போல் நடக்கிறார், மக்கள் கொந்தளிப்பில் உள்ளனர்" என்று எழுதினால் தலைவர் ஒரே வரியில் "அனைத்தும் பொய், அரசியல் காழ்ப்புணர்ச்சி" என்று பதில் கொடுத்துவிடுவார். அதற்கு மேல் கலெக்டருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது 1788இல் லண்டனில் தொடங்கிய விசாரணை எட்மண்ட் பர்க்கின் நாள்கணக்கான பேச்சோடு ஏழு வருடம் ஓடி 1795இல் விடுதலையில் முடிந்தது. அமெரிக்க அதிபர் நிக்சன் 1974 ஆகஸ்டில் தானாகவே இறங்கினார். அவர் அறையில் பதிவான ஒலிநாடாக்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; நாடா பேசிய பிறகு வாக்கெடுப்பே தேவைப்படவில்லை.

நம் ஊரில் நாடாவின் வேலையைச் செய்வது பதிவேடுகள். மாதிரிக்கு ஒரு குற்றச்சாட்டு இப்படி இருக்கலாம்: "தெற்குத் தெரு ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைக் கழற்றிப் பழுதுபார்த்ததாக இன்ன தேதியில், இன்ன எண் வவுச்சரில் இவ்வளவு ரூபாய் வழங்கப்பட்டுள்ளது. இச்செலவுக்கு அந்த மாதத் தீர்மானப் புத்தகத்தில் தீர்மானம் இல்லை. பழுதான பொருளோ மாற்றிய உதிரிப் பொருளோ இருப்புப் பதிவேட்டில் ஏறவில்லை. மோட்டார் கழற்றப்பட்டதாகச் சொல்லும் காலத்தில் அந்த மின் இணைப்பின் யூனிட் வழக்கம்போலவே ஓடியிருப்பதை மின்வாரியக் கணக்கு காட்டுகிறது." நான்கே வரி, ஒரு வசவும் இல்லை. பிளீச்சிங் பவுடர் மூட்டை, தெருவிளக்கு பல்பு, வாய்க்கால் தூர்வாரிய கூலி எல்லாவற்றுக்கும் இதே அச்சுதான்: தேதி, வவுச்சர், தீர்மானம், இருப்பு, வெளியிலிருந்து வரும் ஒரு சாட்சி. கட்டட வேலை என்றால் அந்த வெளிச் சாட்சி ஒன்றியப் பொறியாளர் எழுதிய அளவுப் புத்தகம். அதில் 100 மீட்டர் என்றிருக்கும் சிமெண்ட் ரோட்டை நீங்களே டேப் பிடித்து அளந்து, படம் எடுத்து இணைக்கலாம்.

இந்தக் காகிதங்களை வாங்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதிலும் நடக்காவிட்டால் தகவல் ஆணையத்துக்கு 90 நாள். "ஊழல் விவரம் தருக" என்று கேட்காதீர்கள். "இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை செலவுச் சீட்டுகளின் நகல், தீர்மானப் புத்தகத்தின் இன்ன பக்கங்களின் நகல்" என்று கேளுங்கள். ஊராட்சியில் ஒன்று, ஒன்றிய அலுவலகத்தில் ஒன்று என்று இரண்டு இடத்திலும் கேட்டால் இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போகாத இடத்தில்தான் உங்கள் குற்றச்சாட்டு இருக்கிறது.

இனி, மனுக்கள் சாகும் இடத்துக்கு வருவோம். மாதக் கூட்டம் என்று சொல்லித் தீர்மானப் புத்தகம் உறுப்பினர் வீட்டு வாசலுக்கே வரும். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும், அவசரத்தில் வருகைப் பக்கத்தில் ஒரு கையெழுத்து. கீழே முக்கால் பக்கம் காலி. இரண்டு நாள் கழித்து அந்தக் காலி இடத்தில் ஏழு தீர்மானம் ஏறியிருக்கும், எல்லாம் "ஒருமனதாக". பிறகு அதே உறுப்பினர் "தீர்மானம் இல்லாமல் செலவு செய்தார்" என்று மனுவில் கையெழுத்துப் போடுவார். தலைவர் தன் விளக்கத்தோடு அந்தப் பக்கத்தின் நகலை வைப்பார். அவ்வளவுதான், மனு முடிந்தது. காலிப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் கடைசி வரிக்கு ஒட்டிப் போட்டு, மிச்ச இடத்தைக் குறுக்கே கோடிழுத்து, தேதியும் மணியும் எழுதி, செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். உடன்பாடு இல்லாத தீர்மானத்துக்கு எதிரிலேயே "எதிர்க்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

துணைத் தலைவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊராட்சியின் காசோலையில் தலைவரோடு நீங்களும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். நிதிக் குற்றச்சாட்டு எதுவாக இருந்தாலும் அந்தக் காசோலையில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையெழுத்தும் போட்டுவிட்டு மனுவுக்கு முதல் ஆளாக வந்து நிற்கும் துணைத் தலைவர், தன் தரப்புக்கே சுமை.

அடுத்தது கையெழுத்துக் கணக்கு. மனுவில் மன்றத்தின் அனுமதிக்கப்பட்ட மொத்த எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கையெழுத்து வேண்டும். காலியாக இருக்கும் வார்டும் கணக்கில் சேரும். 9 வார்டு என்றால் 6. 12 என்றால் 8. 7 என்றால் 4.67 என்று வரும், அது 5 ஆகும். தலைவரையும் சேர்த்து எண்ணுவதா, விடுவதா என்ற வாதம் கட்டாயம் கிளம்பும். அதற்கு மருந்தாக ஒரு கையெழுத்தைக் கூடுதலாக வாங்கிவிடுங்கள். ஒருவர் பின்வாங்கினாலும் அது காப்பாற்றும், பின்வாங்கவும் செய்வார்கள். கூவத்தூர் விவகாரம் சட்டமன்ற அளவில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 6 பேரைக் கொடைக்கானலுக்கு ஏற்ற ஒரு வேன் போதும். ஒவ்வொருவரும் குற்றச்சாட்டுப் பட்டியலின் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்தோடு மனு ஒட்டப்பட்டது என்ற வாதம் அப்போதுதான் எடுபடாமல் போகும்.

மனுவை உறுப்பினர்களில் யாராவது இரண்டு பேர் நேரில் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். இதைத் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்துக் கும்பலோடு சேர்த்துக் கொடுத்தால் பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் மனுக்களோடு கலந்து, மேல் நடவடிக்கைக்காக உங்கள் ஒன்றியத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கே (பிடிஓ) திரும்பி வந்துவிடக்கூடும். முதல் பக்கத்தின் தலையிலேயே "பிரிவு 205(1)இன் கீழ்" என்று எழுதுங்கள். நேரில் கொடுத்ததற்கான ஒப்புகையில் கொடுத்த இருவர் பெயரும் தேதியும் இருக்கட்டும். ஒரு நகலை உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) அலுவலகத்தில் கொடுத்து, அதற்கும் சீல் வாங்குங்கள்.

இங்கே நின்று ஒரு கேள்வியைக் கேட்காமல் மேலே போக முடியாது. நீங்கள் நீக்கப் பார்ப்பது அவர் செய்த காரியத்துக்காகவா, அவர் யார் என்பதற்காகவா? பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்ற மாவட்டம் இது. தனித்தொகுதி என்ற ஒரே காரணத்துக்காக 1996 முதல் 2006 வரை பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தேர்தல் நடக்காமல் போனது, ஜெயித்தவர் கையோடு ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார். இன்று அரிவாளுக்குப் பதில் அஜெண்டா. கூட்டத்துக்குப் போகாமல், கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையை (கோரம்) சேரவிடாமல் செய்வார்கள், தீர்மானம் நிறைவேறாது, குழாய் பழுது அப்படியே கிடக்கும். ஆறு மாதம் கழித்து "கடமையைச் செய்யவில்லை" என்று 205 மனு. வருகைப் பதிவேடு இதைக் காட்டிக்கொடுத்துவிடும், தொடர்ந்து வராத உறுப்பினரின் பதவியே ஆட்டம் காணும். பட்டியல் சாதித் தலைவரையோ உறுப்பினரையோ பணி செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவில் தனிக் குற்றம். பெண் தலைவரின் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்சி நடத்துகிறார் என்பது எழுதத் தகுந்த குற்றச்சாட்டுதான். ஆனால் அதற்கும் எந்தக் கூட்டம், எந்தத் தேதி, எந்தப் படம் என்று வேண்டும். "பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாது" என்பது குற்றச்சாட்டு ஆகாது.

மனுவில் முகாந்திரம் இருப்பதாகக் கலெக்டர் கருதினால் தலைவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புவார். விளக்கம் திருப்தி என்றால் அதோடு விஷயம் முடியும். இல்லையென்றால் நீக்கும் முன்மொழிவு தாசில்தாருக்குப் போகும். தாசில்தார் 7 நாளுக்குக் குறையாமல் அறிவிப்புக் கொடுத்து ஊராட்சி அலுவலகத்திலேயே கூட்டம் போடுவார். அவர்தான் தலைமை, ஆனால் நியாயம் யார் பக்கம் என்று அவர் பேசக் கூடாது, அவருக்கு ஓட்டும் கிடையாது. நோட்டீஸ், விளக்கம், முன்மொழிவு மூன்றையும் வாசிப்பார். விவாதம் கிடையாது. பேச்சுக்குத் தயாரித்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். உங்கள் கருத்து மட்டும் பதிவாகும். அதைத் தெளிவாக, இன்ன இன்ன குற்றச்சாட்டு உண்மை என்று கருதி நீக்கத்தை ஆதரிக்கிறேன் என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். வராமல் இருப்பதும் வாய் திறக்காமல் இருப்பதும் தலைவருக்குச் செய்யும் உதவி. உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியைப் பதவி நீக்கும் தீர்மானத்தில் 1993 மே மாதம் மக்களவையில் ஆதரவாக 196 ஓட்டு விழுந்தது, எதிர்த்து ஒன்றுகூட இல்லை. 205 பேர் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தே தீர்மானத்தைத் தோற்கடித்தார்கள்.

தாசில்தார் அனுப்பும் நடவடிக்கைக் குறிப்பைப் பார்த்த பிறகு நீக்கவும் கலெக்டருக்கு உரிமை உண்டு, கைவிடவும் உரிமை உண்டு. எல்லாரும் ஒரே குரலில் சொன்னாலும் அது அவரைக் கட்டாயப்படுத்தாது. நீக்கினாலும் அந்த அறிவிக்கையை ரத்து செய்யவும், முடிவெடுக்கும்வரை தேதியைத் தள்ளிப்போடவும் அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. இதற்கிடையில் பணம் கரைவதைத் தடுக்க வேண்டுமானால், தலைவரின் காசோலை அதிகாரத்தை அவசரகால அதிகாரமான 203ஆவது பிரிவின் கீழ் தற்காலிகமாக வேறொருவருக்கு மாற்றும்படி தனியாக ஒரு மனு கொடுங்கள். அதை நீக்க மனுவோடு கலக்காதீர்கள்.

நீக்க உத்தரவு வந்தால் தலைவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ரிட் போடுவார் என்பதை எழுதி வைத்துக்கொள்ளலாம். அங்கே உத்தரவை உடைக்கும் காரணங்கள் பழகியவை: நோட்டீசில் இல்லாத குற்றத்துக்கு நீக்கினார்கள், கேட்ட ஆவணத்தைக் கொடுக்கவில்லை, விளக்கத்தை ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுதவில்லை. வழக்கு முதல் படிக்குத் திரும்பினால் ஒரு வருடம் போய்விடும். நான்காவது வருடத்தில் தொடங்கியவர்களுக்குப் பதவிக் காலமே அதற்குள் முடிந்துவிடும். ஆகவே ஆதாரம் கைக்கு வந்ததும் தொடங்குங்கள். உத்தரவு வெளியான அன்றே மதுரைக் கிளையில் கேவியட் மனு போட்டு வையுங்கள், உங்களைக் கேட்காமல் தடை உத்தரவு வாங்குவது அப்புறம் அவ்வளவு லேசாக இருக்காது.

இப்படிக்கு,
ஊராட்சிச் சட்டத்தோடு பழகிய சிலர்,
மதுரை