நூற்பட்டியல் வழங்கியை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் உடைய நண்பர்களுக்கு,

வணக்கம். தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் நம் நூற்பட்டியலின் வழங்கி (அதைத் தாங்கும் சர்வர் கணினி) மூன்று நாள் முடங்கிக் கிடந்து, கடந்த வாரம் ஒரு பதிவைக்கூட இழக்காமல் மீண்டும் எழுந்தது. பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் எழுதாமல், செய்த உதவியை மட்டும் எழுதுகிறேன். நடந்ததை மறைக்காமல் சொல்வதுதான் முறையான நன்றியாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது; ஏனெனில் தவறு முழுக்க என்னுடையது, உழைப்பு முழுக்க உங்களுடையது.

வழங்கியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் இயங்குகிறது. பதினொன்றாம் பதிப்பிலிருந்து அதற்கு மாறியபோது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் 13இலிருந்து 15க்கு மாற்றினேன். எல்லாம் ஒழுங்காக முடிந்துவிட்டதாகவே நினைத்தேன். ஆனால், நாள்தோறும் இரவு இரண்டு மணிக்குக் காப்புநகல் எடுக்கும் ஸ்கிரிப்டில், 13ஆம் பதிப்பின் நகலெடுக்கும் கருவி இருக்கும் முழுப் பாதையை எப்போதோ நானே எழுதி வைத்திருந்தேன். தன்னைவிடப் புதிய தரவுத்தளத்தை அந்தக் கருவி தொடாது. பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அது நின்றது சரிதான். அதன் வெளியீடு, ஒரு கட்டளையிலிருந்து அடுத்ததற்குத் தரவைக் கடத்தும் குழாய் வழியாகச் சுருக்கும் கருவிக்குப் போகும்படி நான் அமைத்திருந்ததுதான் வினையாயிற்று. உள்ளே ஒன்றுமே வராவிட்டாலும் அந்தக் கருவி வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி, சரியாக 20 பைட்டில் ஒரு கோப்பை உருவாக்கிவிடும். குழாயின் கடைசிக் கட்டளை வென்றால் முழு வரியும் வென்றதாகவே, கட்டளைகளை ஏற்று ஓட்டும் ஷெல் எடுத்துக்கொள்ளும். இப்படியாக ஐந்து மாதம், அன்றன்றைய தேதியைப் பெயரில் தாங்கி, இரவுக்கு ஒன்றாக இருபது பைட்டுக் கோப்புகள் வரிசையாகச் சேர்ந்தன. தேதிகளைப் பார்த்து மகிழ்ந்தேனே ஒழிய, பக்கத்தில் இருந்த அளவுப் பத்தியை ஒருநாளும் நான் பார்க்கவில்லை.

மென்பொருள்கள் என்னை எச்சரிக்காமல் இல்லை. பால் விக்ஸி 1987இல் எழுதிய, குறித்த நேரத்தில் பணிகளைத் தொடக்கும் கிரானின் வழிவந்த நிரல்தான் இன்றும் எங்கள் இரவுப் பணிகளை ஓட்டுகிறது. அது ஒவ்வோர் இரவும் பிழைச்செய்தியை ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கு அஞ்சலாக எழுதியது. வீட்சே வெனிமா எழுதி 1998இல் வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் நிரல் அதை ஒரு மடலும் தவறாமல் ரூட்டின் அஞ்சல்பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் பெட்டியை எவரும் திறப்பதில்லை. என் முகவரிக்குத் திருப்பிவிடும் ஒற்றை வரியை நான் எழுதவேயில்லை. ஒன்றையொன்று பிரதியெடுக்கும்படி இணைத்திருந்த இரண்டு வட்டுகளில் ஒன்று செயலிழந்துவிட்டது என்ற மடலும் அதே பெட்டியில், அதே குவியலுக்கு நடுவில்தான் கிடந்தது.

மிஞ்சிய வட்டும் தடுமாறத் தொடங்கிய அன்று இரவு, படிப்புப் பிழைகள் திரையில் ஓடிக்கொண்டிருந்தபோது, கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் கட்டளையைத் தட்டச்சு செய்து முடித்திருந்தேன். எண்டர் பொத்தானை அழுத்துவதற்குள் அக்காவின் அழைப்பு வந்தது. "அந்த வட்டுல இனி ஒரு பைட்டுகூட எழுதாதீங்க, முதல்ல நகல் எடுங்க, வைத்தியம் எல்லாம் நகலுக்குத்தான்" என்றார். பழுதுபார்ப்பு நிரல் என்பது தான் படித்தது உண்மை என்று நம்பிக்கொண்டு எழுதுகிற நிரல். படிக்கவே திணறும் வட்டில் அதை ஓடவிட்டால், படிக்க முடியாத அடைவுகளை இல்லாதவை என்று முடிவு கட்டி இருப்பதையும் அழித்துவிடக்கூடும். இதை அவர் பின்னர்தான் விளக்கினார். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லாமல் கையை மட்டும் பிடித்து நிறுத்தியதற்காகவே அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

அதன்பின் அவர் பரிந்துரைத்தது குனூ டிடிரெஸ்கியூ. அன்டோனியோ டயஸ் எழுதிய அந்தக் கருவியின் சிறப்பு அதன் பொறுமை. சாதாரண நகலெடுப்பு முதல் பிழையிலேயே நின்றுவிடும், அல்லது அங்கேயே முட்டிமோதி வட்டை மேலும் நோகடிக்கும். இதுவோ பிழை தென்பட்ட பகுதிகளைத் தாண்டிச் சென்று, நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, விட்டுவந்த இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்து, பிறகு மெல்லத் திரும்பி வந்து அவற்றை ஓரங்களிலிருந்து நறுக்கி நறுக்கிப் படிக்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகலைத் தாங்கும் அளவுக்குப் பெரிய வட்டு என்னிடம் இல்லை. அந்த நள்ளிரவில் தன் சொந்தச் சேமிப்பு வட்டைக் காலிசெய்து, அதைத் தானே கொண்டுவந்து தந்த நண்பருக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு டெராபைட்டின் முதல் சுற்று ஆறு மணி நேரத்தில் முடிந்தது. மீதமிருந்த சில மெகாபைட்டுகளுக்காகப் பகலும் மறுநாள் இரவும் போயின. இறுதியில் எவ்வளவு முயன்றும் வராமல் நின்றவை மூன்று பகுதிகள், மொத்தம் 12 கிலோபைட்.

அந்த 12 கிலோபைட்டில் என்ன இருந்தது என்று கண்டுபிடித்துச் சொன்ன அண்ணனின் வேலையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத ஆசைப்படுகிறேன், ஏனெனில் அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வரைபடக் கோப்பில் இருந்த இடஎண்ணிலிருந்து வட்டுப் பிரிவு தொடங்கும் இடத்தைக் கழித்து, மீதியைத் தொகுதி அளவால் வகுத்து, அந்தத் தொகுதி எந்த ஐநோடுக்கு (கோப்பு ஒவ்வொன்றுக்கும் கோப்பு முறைமை வைத்திருக்கும் குறிப்புக்கு) சொந்தம் என்று கேட்டு, அந்த ஐநோடு எந்தக் கோப்பு என்று கேட்டார். வெறும் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு கோப்பு விடையாக வந்தது. அந்த எண்ணைத் தரவுத்தளத்திடம் காட்டிக் கேட்டபோது, அது நூல் தலைப்புகளை விரைவாகத் தேட உதவும் சுட்டெண் என்று தெரிந்தது. இத்தனையையும் தாளில் பென்சிலால் கணக்கிட்டுக்கொண்டே செய்தார். சுட்டெண் என்பது அட்டவணையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மீண்டும் கட்டிக்கொள்ளக்கூடியது. மூல அட்டவணையில் ஒரு பக்கமும் சேதமில்லை. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தபோதுதான் நான் முதல்முறையாக உட்கார்ந்தேன்.

போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் முன்னெழுத்துப் பதிவில் எழுதிவிட்டுத்தான் அட்டவணைக் கோப்புகளில் எழுதும் என்பதால், நகலிலிருந்து அதைத் தொடக்கியதும், அறுந்து நின்ற இடத்திலிருந்து அந்தப் பதிவைப் படித்துத் தன்னைத் தானே சீர்செய்துகொண்டது. பின்னர் முழுத் தரவையும் வெளியே எடுத்து, புதிய வட்டில் புதிய தளத்தில் ஏற்றினோம். அங்கேயும் நான் ஒரு சறுக்கு சறுக்கினேன். புதிய தளத்தை உருவாக்கும்போது மொழி அமைப்பைக் கவனிக்காததால், தலைப்புகள் யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கப்பட்டன. யூனிகோடில் ‘ன’ எழுத்து ‘ந’வுக்கு அடுத்தும், ‘ள’ ‘ழ’வுக்கு முன்னும் இருப்பதால், மனம் மரத்துக்கு முன்னால் வந்தது, பள்ளி பழமொழியை முந்திக்கொண்டது. இதைக் கண்டுபிடித்தவர் நம் குழுவில் மிக இளையவரான தம்பி. பட்டியலைப் படித்தவுடனே "அகரவரிசை அகரவரிசையா இல்லையே" என்றார். 15ஆம் பதிப்பிலிருந்து ஒரு தளத்துக்கே ஐசியு என்ற யூனிகோடு மென்பொருள் நூலகத்தின் வரிசை முறையை இயல்பாக அமைக்கலாம் என்று ஆவணத்தைப் படித்துச் சொல்லி, அதை அமைத்துத் தந்தவரும் அவரே.

முகம் தெரியாத சிலருக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவரை இந்த மூன்று நாளும் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். போஸ்ட்கிரெஸை உருவாக்குபவர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், 2024 மார்ச் மாதத்தில், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அது ஏன் என்று விடாமல் தோண்டி, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருள் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எவரோ திட்டமிட்டுப் புகுத்தியிருந்த கள்ளவாசலைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார். டெபியனின் நிலையான பதிப்புக்குள் அது வருவதற்கு முன்பே பிடிபட்டதால், எங்களைப் போன்றவர்களின் வழங்கிகள் தப்பின. அவர் அரை நொடியைக் கவனித்தார். நான் ஐந்து மாதம் இருபது பைட்டைக் கவனிக்கவில்லை. இந்த ஒப்பீட்டை நான் செய்யவில்லை, அக்காதான் செய்தார். என்னைப் புண்படுத்துவதற்காக அல்ல என்று நம்புகிறேன்.

இப்போதைய நிலையையும் தெரிவித்துவிடுகிறேன். குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழு வரியும் தோற்றதாகக் கொள்ளும்படி ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே பைப்ஃபெயில் விருப்பத்தைச் சேர்த்திருக்கிறேன். முழுப் பாதையை நீக்கிவிட்டேன். ரூட்டுக்கு வரும் மடல்கள் எனக்கும் தம்பிக்கும் வருகின்றன. அக்காவின் நிபந்தனைப்படி, மாதத்தின் முதல் சனிக்கிழமை காப்புநகலை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்து, பதிவுகளின் எண்ணிக்கையை எண்ணி அவருக்கு அனுப்ப வேண்டும். முதல் ஒத்திகை 11 நிமிடத்தில் முடிந்தது, எண்ணிக்கை பொருந்தியது.

வட்டைக் கடன் தந்த நண்பருக்கு ஒரு செய்தி: அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. புதிய தளம் இன்னும் இரண்டு முதல் சனிக்கிழமைகளைத் தாண்டும்வரை அந்த நகலை அழிக்க வேண்டாம் என்று அண்ணன் சொல்கிறார். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள், அதன்பின் துடைத்துத் தூய்மையாக்கி நானே கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
நூற்பட்டியல் வழங்கியைப் பார்த்துக்கொள்பவன்