குடும்ப வருமானக் கணக்கில் நடு வீட்டின் வருமானத்தையும் வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்: ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை வட்டாரம், சித்தூர் தாலுகா.

பெறுநர்: உயர்திரு மாவட்ட கலெக்டர் அவர்கள், பாலக்காடு.

மதிப்பிற்குரிய கலெக்டர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பஞ்சாயத்தின் திட்ட அறிக்கையில் குடும்ப வருமானம் பற்றி இருப்பது ஒரே எண், சராசரி. அதை வைத்துத்தான் ‘இந்த வார்டு பரவாயில்லை’ என்று வீட்டு உதவியில் எங்களைப் பின்னால் தள்ளுகிறார்கள்.

ஒரு தெருவில் பத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வீட்டில் தேங்காய் உரித்தும், சொசைட்டிக்குப் பால் ஊற்றியும், நூறு நாள் வேலைக்குப் போயும் மாதம் 12,000 ரூபாய் வருகிறது. பத்தாவது, தோப்புக்காரர் வீடு; அங்கே 1,50,000. சராசரி 25,800. அந்த அளவு சம்பாதிக்கும் வீடு தெருவில் ஒன்றுகூட இல்லை. வருமான வரிசையில் நடுவில் நிற்கும் வீட்டைப் பார்த்தால் 12,000 என்று உள்ளது உள்ளபடி தெரியும்.

எங்கள் ஊரில் மட்டும் இப்படி இல்லை. 1890களில் இத்தாலியப் பொருளாதார அறிஞர் வில்ஃபிரடோ பரேட்டோ பல நாடுகளின் வரிக் கணக்குகளை அலசினார். மேல்தட்டில் வருமான வரம்பை இரண்டு மடங்காக்கினால், அதைத் தாண்டுகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். அவர் சூத்திரப்படி அந்தத் தட்டின் மொத்த வருமானத்தில் சுமார் 70 சதவீதம், இரட்டை வரம்பைத் தாண்டிய இந்த மூன்றில் ஒரு பங்கினரிடமே இருக்கும். மேல்தட்டுக்குக் கீழே இருப்பவர்கள் விஷயத்தில் 1931இல் பிரெஞ்சு அறிஞர் ராபர்ட் ஜிப்ரா சொன்ன காரணம் எளியது: வருமானம் சதவீதக் கணக்கில், ஆளுக்கு ஆள் வேறுபட்டு, ஏறி இறங்குகிறது. 5 சதவீதம் ஏறினால் கூலிக்காரருக்கு 600 ரூபாய், தோப்புக்காரருக்கு 7,500. இப்படியே போனால் சராசரி நடு வீட்டை விட்டு மேலே போகத்தானே செய்யும்?

ஆகவே அடுத்த கணக்கெடுப்பில் ஒவ்வொரு வார்டுக்கும் நடு வீட்டின் வருமானத்தைச் சராசரிக்குப் பக்கத்திலேயே அச்சிட உத்தரவிட வேண்டுகிறேன். ‘25,000க்கு மேல்’ என்று எல்லோரையும் ஒரே கட்டத்தில் அடைக்காமல் 50,000, 1,00,000, 2,00,000 என்று பிரிக்க வேண்டும். பரேட்டோ கண்ட ஏற்றத்தாழ்வு முழுக்க அந்தக் கட்டத்துக்குள்தான் மறைந்துபோகிறது. யார் பெயரும் வெளியே வர வேண்டாம். பெரிய செலவும் இல்லை, படிவத்தில் இருக்கும் எண்களை வரிசைப்படுத்தினால் போதும்.

அப்புறம், 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழில் எழுத எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையில்தான் இம்மனுவை எழுதுகிறேன். பதிலையும், வெளியிடப்போகும் அட்டவணையையும் தமிழிலும் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊர்மக்கள் சார்பில், மனுதாரர்