எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: தொலைத்தொடர்புப் பாடம் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்பு அறிவியலில் வரும் திங்களன்று தொலைத்தொடர்புப் பாடம் தொடங்குகிறது. அப்படியென்றால் என்னவென்று கேட்டால் பிள்ளைகள் உடனே ‘செல்போன்’ என்கிறார்கள். தவறில்லை. ஆனால் அந்தப் பதிலோடு அவர்கள் நின்றுவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

‘டெலிகம்யூனிகேஷன்’ என்ற சொல்லை உருவாக்கியவர் எதுவார் எஸ்தோனியே. பிரான்சின் அஞ்சல் தந்தித் துறைப் பொறியாளர், நாவலாசிரியரும்கூட. தந்தியையும் தொலைபேசியையும் சேர்த்து 1904இல் அவர் எழுதிய பாடநூலுக்கு இரண்டையும் அடக்கும் ஒரே பெயர் தேவைப்பட்டது. ‘தொலைவில்’ எனப் பொருள்படும் கிரேக்க ‘டெலி’யை, ‘பகிர்தல், பொதுவாக்குதல்’ எனப் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல்லோடு இணைத்தார். கருவியின் பெயரோ கம்பியோ அதில் இல்லை. அதனால்தான் பிறகு வந்த வானொலி, செயற்கைக்கோள், இணையம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தியது என்பது என் கருத்து.

1865இல் பாரிசில் தொடங்கிய பன்னாட்டுத் தந்தி ஒன்றியம், 1932 மாட்ரிட் மாநாட்டில் இச்சொல்லைத் தன் பெயரில் ஏற்றது. புதிய பெயர் 1934இல் நடைமுறைக்கு வந்தது. கம்பி, வானொலி வழிச் செய்திகளோடு கண்ணால் பார்த்தறியும் சைகைகளையும் அந்த மாநாடு தொலைத்தொடர்பு என்றே வரையறுத்தது.

பிள்ளைகளுக்கு இந்த இடம்தான் புதிதாக இருக்கும். 1794இல் பாரிசுக்கும் லில் நகருக்கும் இடையே குளோத் ஷாப் என்ற பிரெஞ்சுக்காரர் அமைத்த செய்தி அனுப்பும் வழியில் மின்சாரமே கிடையாது. கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒவ்வொரு கோபுரம். உச்சியில் அசையும் மரக்கைகள். ஒரு கோபுரத்தில் கைகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதை அடுத்த கோபுரத்து ஊழியர் தொலைநோக்கியில் பார்த்து, தன் கோபுரத்திலும் அப்படியே வைப்பார். மூடுபனி இறங்கினால் வேலை நின்றுவிடும். அதுவும் தொலைத்தொடர்புதான் என்று புரிந்த பிள்ளைக்கு வரையறையை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. தந்தி, டிரங்கால் காலத்தில் அவசரச் செய்தி எப்படி வந்தது என்று தாத்தா பாட்டியிடமோ உங்களிடமோ பிள்ளை கேட்டு, ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். இணையத்தில் பார்த்து எழுதியதை ஏற்க மாட்டோம். பிழை இருந்தாலும் திருத்திக் கொடுக்காதீர்கள்; அது எங்கள் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும். பழைய தந்தித்தாள் வீட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்